பர்னபி மலைக்குக் கல்லூரி வழியாக

தங்கைக்கு,

மதுரையிலிருந்து வந்து டக்ளஸ் கல்லூரியில் முதல் பருவம் படிக்கிறீர்கள். கல்வி உளவியல் படிக்க பர்னபி மலைமேல் உள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்பது உங்கள் ஆசை. “கல்லூரியில் கழியும் இரண்டு வருடம் வீண்தானே?” என்று வீட்டில் கேட்கிறார்களாம். வீண் இல்லை. நானும் அந்த வழியாக வந்தவள்தான். ஆனால் அது வீணாகாமல் இருப்பது நீங்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கல்லூரியில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது பல்லாண்டுகளாக எல்லோரும் போகும் பாதை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் செலவைக் குறைக்க இப்படித்தான் படிக்கிறார்கள். இதை ஒழுங்குபடுத்தவே 1989இல் மாகாணம் தனியாக ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அது நடத்தும் ‘பி.சி. டிரான்ஸ்பர் கைடு’ இணையதளத்தில், எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சைமன் ஃப்ரேசரில் பட்டத்துக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அளவுப் புள்ளி) தேவை. அதில் 60 வரை கல்லூரியிலிருந்து கொண்டு போகலாம்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பாடங்களுக்கு நேரே பல்கலைக்கழகப் பாடத்தின் எண் இருக்கும். சிலவற்றுக்கு எண் இராது, ‘சைக்காலஜி, 3 கிரெடிட்’ என்று மட்டும் இருக்கும். இரண்டுமே கணக்கில் சேரும். ஆனால் எண் இல்லாதது, உங்கள் துறை கட்டாயம் என்று கேட்கும் பாடத்தின் இடத்தை நிரப்பாது. கையில் 60 கிரெடிட் இருந்தும், மூன்றாம் வருடத்தில் முதல் வருடப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: சேர வேண்டிய இடத்தின் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். ஈடு பற்றிக் கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

சைமன் ஃப்ரேசரில் இளநிலையில் கல்வி உளவியல் ஒரு துணைப் பாடம். கல்வித் துறை அதை நடத்துகிறது. முதன்மைப் பாடமாக உளவியலை எடுத்து, இதைத் துணையாகச் சேர்த்துக்கொள்வது நல்ல இணை. எஜுகேஷன் 220 என்பது கல்வி உளவியலுக்கு அறிமுகப் பாடம். உளவியலை முதன்மையாக எடுத்தால் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் கட்டாயம். பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தில் இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் புள்ளியியலைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். ஒதுங்காதீர்கள். சிறிய கல்லூரி வகுப்பில், ஆசிரியரின் அறைக்கே போய்ச் சந்தேகம் கேட்க முடிகிற காலத்திலேயே அதை முடித்துவிடுங்கள். எழுத்து, கணக்கு, பிற துறை அறிவு என்று எல்லா மாணவர்களும் எடுக்க வேண்டிய பாடங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றையும் கல்லூரியிலேயே முடிக்கலாம்.

இந்தப் படிப்பு எதைக் கற்றுத் தருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பட்டத்துக்குப் பின் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுடன் இருக்கிறேன். போன வாரம் ஒரு சிறுவன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். நாம் படித்த பள்ளியில் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும், அத்தோடு முடிந்தது. ஆனால் அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. முழு எண்களில் சரியாக வேலை செய்த விதியை இங்கேயும் நம்பிக்கையோடு பயன்படுத்தியிருக்கிறான். காகிதப் பட்டைகளை மடித்துக் கொடுத்து, “ஐந்தில் இரண்டு, அரையை விடப் பெரிதா, சிறிதா?” என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “கூட்டினால் எப்படிக் குறையும்?” என்று அவனே கேட்டான். தவறுக்குள் இருக்கும் யோசனையைத் தேடத்தான் இந்தப் படிப்பு பழக்குகிறது.

சைமன் ஃப்ரேசரில் பணியாற்றிய ஃபிலிப் வின், தானே திட்டமிட்டுத் தானே திருத்திக்கொண்டு கற்பது பற்றிய ஆய்வில் உலகறிந்த பெயர். ஆய்வாளர் அலிசன் ஹாட்வினோடு சேர்ந்து 1998இல் அவர் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி, கற்பவர் முதலில் தன்முன் உள்ள வேலை என்ன என்று புரிந்துகொள்வதிலிருந்து தொடங்குகிறது. மனப்பாடத்தில் வளர்ந்த நமக்கு அந்த முதல் படியே புதிது. உங்கள் படிப்பிலும் அதைச் செய்து பாருங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். 2024 நவம்பர் 8 முதல், வெளிநாட்டு மாணவர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு போல இணையக் கணக்கில் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டுப் போக முடியாது. படிப்பு அனுமதி விண்ணப்பத்தோடு வைக்கும், மாகாணத்தின் அத்தாட்சிக் கடிதம் உங்களுக்கும் தேவையா என்று சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். உறவினர் சொல்வதையோ, பணம் வாங்கும் முகவர் சொல்வதையோ நம்பி இருக்க வேண்டாம்.

பள்ளி உளவியலாளர் ஆவதுதான் இலக்கு என்றால், இளநிலைப் பட்டம் போதாது, முதுநிலையும் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே படிப்பு இருக்கிறது. முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களை அறிந்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பிள்ளைகளோடு பழகிய அனுபவமும் பெரிதும் உதவும். எனவே இந்தக் கோடையிலேயே ஒரு பள்ளிக்கூடத்திலோ நூலகத்தின் வாசிப்புத் திட்டத்திலோ தன்னார்வலராகச் சேருங்கள். குழந்தைகளோடு இருக்கும் பணி என்பதால் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு கேட்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இப்போதே விசாரித்து வையுங்கள்.