ஹவெவர், மோர்ஓவர், தெர்ஃபோர்: ஆங்கிலத் தேர்வு எழுதுவோரின் கேள்விகள்

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் ஏறக்குறைய எல்லா வாக்கியத்தையும் ஓர் இணைப்புச் சொல்லோடுதான் தொடங்குகிறேன். ஆனாலும் ரைட்டிங்கில் 6-ஐத் தாண்ட முடியவில்லை. இன்னும் எத்தனை சேர்க்க வேண்டும்?

சேர்க்காதீர்கள், பாதியை எடுத்துவிடுங்கள். ரைட்டிங்கை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள். அதில் ஒன்றான 'கோஹியரன்ஸ் அண்ட் கோஹீஷன்' (கருத்துத் தொடர்ச்சியும் வாக்கியப் பிணைப்பும்) 25 சதவீத எடை கொண்டது. பேண்ட் 5-க்கான (பேண்ட் என்பது மதிப்பெண் நிலை) விளக்கத்தில் இணைப்புச் சொற்களின் மிகைப்பயன்பாடு ஒரு குறையாகவே இடம்பெற்றிருக்கிறது. பேண்ட் 6-ல், சொற்கள் வேலை செய்தாலும் இணைப்பு எந்திரத்தனமாகத் தெரியலாம் என்கிறார்கள். பேண்ட் 9-ல் இணைப்பு கண்ணில் படுவதே அரிது. மேலே போகப் போக, கோத்த நூல் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் எதிர்பார்ப்பு.

இப்படி ஒரு பத்தி: 'ஸிட்டீஸ் ஆர் வைடனிங் தெயர் ரோட்ஸ். மோர்ஓவர், ட்ராஃபிக் இஸ் நாட் டிக்ரீஸிங். தெர்ஃபோர், வீ நீட் பஸ்ஸஸ்.' மோர்ஓவர் வந்தால், முன்பு சொன்ன கருத்துக்கு வலு சேர்க்கும் இன்னொரு கருத்து வர வேண்டும். இங்கே இரண்டாவது வாக்கியமோ முதலாவதன் எதிர்பார்ப்பை உடைக்கிறது. தெர்ஃபோர் இன்னும் பெரிய சிக்கல். நெரிசல் குறையவில்லை என்பதிலிருந்து பஸ் வேண்டும் என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? நடுவில் இருக்க வேண்டிய காரணத்தை எழுதாமல், அந்தப் பள்ளத்தை ஒரு சொல்லால் மூடப் பார்த்திருக்கிறீர்கள். தேர்வாளர் அதில்தான் தடுக்கி நிற்பார்.

மாற்றி எழுதினால்: 'மெனி ஸிட்டீஸ் ஹாவ் வைடன்ட் தெயர் ரோட்ஸ். திஸ் அப்ரோச் ஸெல்டம் வொர்க்ஸ், பிகாஸ் வைடர் ரோட்ஸ் அட்ராக்ட் மோர் கார்ஸ். எ பஸ், பை காண்ட்ராஸ்ட், கேரீஸ் டஜன்ஸ் ஆஃப் பீப்பிள் இன் தி ஸ்பேஸ் ஆஃப் எ ஃப்யூ கார்ஸ்.' இதில் எந்த வாக்கியமும் இணைப்புச் சொல்லில் தொடங்கவில்லை. முதல் வாக்கியத்தின் செய்தியை 'திஸ் அப்ரோச்' கையிலெடுக்கிறது, 'வைடர் ரோட்ஸ்' அதைத் தொடர்கிறது, பிகாஸ் காரணத்தைச் சொல்கிறது. 'திஸ்' உடன் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்க்கும் இந்த முறையைத்தான் முதலில் பழகுங்கள்: திஸ் ட்ரெண்ட், திஸ் ப்ராப்ளம், ஸச் மெஷர்ஸ். பெரும்பாலான மாணவர்களின் கட்டுரையில் இல்லாமல் போவது இதுதான்.

இத்தனை சொல் வர வேண்டும் என்று தேர்வில் எண்ணிக்கை விதி எதுவும் கிடையாது. கைக்கணக்காக, ஒரு பத்தியில் வாக்கியத்தின் தலையில் நிற்கும் இணைப்புச் சொற்கள் இரண்டைத் தாண்டினால் நின்று பாருங்கள்.

கேள்வி: ஹவெவருக்கு முன்னால் கமா போட்டால் தவறு என்கிறார்கள். 'பட்'டுக்கு மட்டும் ஏன் சரி?

பட் இரண்டு முழு வாக்கியங்களை ஒட்ட வல்லது, ஹவெவரால் அது முடியாது. அதன் இடத்தை நகர்த்திப் பார்த்தாலே தெரியும். 'இட் இஸ், ஹவெவர், எக்ஸ்பென்ஸிவ்' என்று நடுவிலும் வைக்கலாம், 'பட்'டை அப்படி நகர்த்த முடியாது. அதனால் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே ஹவெவர் வந்தால், அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின் கமா. மோர்ஓவர், தெர்ஃபோர், நெவர்தலெஸ், கான்ஸிக்வென்ட்லி எல்லாம் இதே வகை. இந்தப் பிழை இலக்கண மதிப்பெண்ணையும் குறைக்கும், ஏனென்றால் நிறுத்தக்குறிகளும் அந்த அளவுகோலில் அடக்கம்.

கேள்வி: ஆல்தோ, டிஸ்பைட் இரண்டிலும் அடிக்கடி பிழை வருகிறது.

ஆல்தோவுக்குப் பின் எழுவாயும் வினையும் வர வேண்டும்: 'ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், வீ வென்ட் அவுட்.' அடுத்த பாதியில் பட் சேர்க்கக் கூடாது. 'ஆல்தோ, இட் இஸ் காஸ்ட்லி.' என்று அதை மட்டும் தனி வாக்கியமாக நிறுத்துவதும் தவறு. அந்த இடத்துக்கு உரியது ஹவெவர்.

டிஸ்பைட்டுக்குப் பின் பெயர்ச்சொல் அல்லது -இங் வடிவம்: 'டிஸ்பைட் தி ரெயின்', 'டிஸ்பைட் பீயிங் டயர்ட்'. 'ஆஃப்' வருவது இன் ஸ்பைட் ஆஃப் என்பதில் மட்டும்.

கேள்வி: ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் தி கான்ட்ரரி: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆன் தி அதர் ஹேண்ட் ஒரே விஷயத்தின் மறுபக்கத்தைக் காட்டும், இரண்டு பக்கமும் உண்மையாக நிற்கும். ஆன் தி கான்ட்ரரி, முன்பு மறுத்த கருத்துக்கு நேர் எதிரானதே உண்மை என்று அடித்துச் சொல்லும்: 'தி பாலிஸி டிட் நாட் ரெட்யூஸ் போல்யூஷன். ஆன் தி கான்ட்ரரி, இட் மேட் தி ஏர் வொர்ஸ்.' கட்டுரையில் இதற்கு அபூர்வமாகத்தான் இடம் அமையும்.

வரைபடத்தை விளக்கி எழுதும் அகாடமிக் டாஸ்க் 1-ல் இரண்டு கோடுகளையோ இரண்டு நாடுகளையோ ஒப்பிடும்போது இவை இரண்டுமே பெரும்பாலும் பொருந்தாது. அங்கே உங்களுக்குத் துணை வைல், வேர்ஆஸ், இன் காண்ட்ராஸ்ட்: 'கார் ஸேல்ஸ் ரோஸ், வேர்ஆஸ் பைஸைக்கிள் ஸேல்ஸ் ஃபெல்.' மோர்ஓவருக்கு வரைபட விளக்கத்தில் அநேகமாக வேலையே இல்லை.

கேள்வி: ஃபர்ஸ்ட்லி, ஸெகண்ட்லி பழைய பாணியா? லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்?

ஃபர்ஸ்ட்லி, ஸெகண்ட்லி தாராளமாக எழுதலாம், ஒரே வகையான கருத்துகளை வரிசைப்படுத்தும்போது மட்டும். லாஸ்ட் பட் நாட் லீஸ்ட் மேடைப் பேச்சுக்குரியது, தேர்வுக்கு வேண்டாம். முடிவுரைக்கு இன் கன்க்ளூஷன் போதும். அந்த இடத்தில் அட் லாஸ்ட் எழுதினால், நெடுநேரம் காத்திருந்தது ஒருவழியாக நடந்துவிட்டது என்று பொருள் மாறிவிடும்.

கேள்வி: தேர்வறையில் கடைசி நிமிடங்களில் எதைச் சரிபார்ப்பது?

கட்டுரைப் பகுதியான டாஸ்க் 2-க்குப் பரிந்துரைக்கும் 40 நிமிடத்தில் மூன்றை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எந்த இணைப்புச் சொல்லை மறைத்தாலும் பொருள் குலையவில்லையோ, அதை அடித்துவிடுங்கள். பிறகு ஃபார் எக்ஸாம்பிள் வரும் இடங்களுக்குப் போங்கள். 'ஃபார் எக்ஸாம்பிள், பஸ்ஸஸ் அண்ட் ட்ரெயின்ஸ்.' என்பதில் வினை இல்லை, அது வாக்கியமே ஆகாது. ஸச் ஆஸ் போட்டு முந்தைய வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள்.