காதைக் குத்தும் ஜால்ரா

கேள்வி: துபாயிலிருந்து வந்த காக்கா (அண்ணன்) எனக்கு சென்ஹைசர் ஹெச்டி 800 ஹெட்ஃபோன் கொடுத்தார். லேப்டாப்பில் சின்ன டாங்கிள் (ஹெட்ஃபோனை இணைக்கும் குட்டிக் கருவி) மாட்டிக் கேட்கிறேன். எல்லாம் தெளிவு. ஆனால் ஜால்ரா சத்தமும், பாடகர் ‘ஸ’ சொல்லும் இடமும் ஊசியாகக் குத்துகின்றன. 40,000 ரூபாயில் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த ஒலிபெருக்கி) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

2009-ல் வந்த அந்த மாடலுக்கு 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு உண்டு, அதாவது அந்தச் சுருதியில் மட்டும் சத்தம் தூக்கலாக வரும். ஜால்ராவும் ‘ஸ’வும் குத்துவது அங்கேதான். அதே கம்பெனி பின்னால் 800 எஸ் மாடலைக் கொண்டுவந்தபோது, அந்த அதிர்வை உறிஞ்சும் அமைப்பை ஹெட்ஃபோனுக்குள்ளேயே வைத்தது. நோய் அங்கே இருக்கிறது, நீங்கள் ஆம்புக்கு மருந்து வாங்கப் போகிறீர்கள்.

வால்வு ஆம்ப் ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை. வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகையில் வெளியீட்டு மின்தடை (ஆம்பின் சொந்தத் தடை) 100 ஓமைத் தாண்டுவதும் உண்டு. உங்கள் ஹெட்ஃபோன் பெயருக்கு 300 ஓம்தான், ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 600-ஐத் தாண்டும். அதனால் அந்த ஆம்பில் போட்டால், தடை கூடிய அந்த இடத்துக்கு வோல்டேஜில் பங்கு கூடி, பேஸ் (அடிச்சத்தம்) சற்றுத் தூக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டெசிபலை ஒட்டித்தான் வருகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று இன்னொரு கரண்டி புளித்தண்ணீர் விடுவது மாதிரி. உப்பு அப்படியே கிடக்கும்.

சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப் வாங்குவதில் அர்த்தம் உண்டு. உங்களுடையதற்கு 1 வோல்ட் கொடுத்தாலே 102 டெசிபல் வரும், அது காதடைக்கும் சத்தம். டாங்கிளே போதும்.

அப்புறம் ஒரு சந்தேகம். எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்? இது திறந்த வகை ஹெட்ஃபோன், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். தலைக்கு மேல் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே கச்சான் காற்று. அந்த இரைச்சல் பாட்டின் அடிச்சத்தத்தைத்தான் மூடும். அதனால் நாம் வால்யூமை ஏற்றுவோம், குத்தலும் கூடவே ஏறும். ராத்திரி ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, வால்யூமைக் குறைத்து ஒரு பாட்டு கேளுங்கள். வேர்க்கும், பரவாயில்லை, ஒரு பாட்டுதானே!

இனி நிஜ வைத்தியம். விண்டோஸ் லேப்டாப் என்றால், சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருள் இலவசம். அதில் 6,000 ஹெர்ட்ஸில் ஒரு பீக் ஃபில்டர் (அந்த இடத்தை மட்டும் கூட்டிக் குறைப்பது) போட்டு, அதன் அகலத்தைச் சொல்லும் ‘க்யூ’ எண்ணை 2 வைத்து, முதலில் 8 டெசிபல் குறையுங்கள். ஜால்ரா துணியில் சுற்றியது போல மந்தமாகிவிடும். அதுதான் வேண்டும், இடம் சரி என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அரை அரை டெசிபலாக மேலே வாருங்கள். நாலு டெசிபல் குறைப்புக்குப் பக்கத்தில் நின்றுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். இருபது நிமிஷம் பழகியபின் ஃபில்டரை அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

அதற்குப் பிறகும் வால்வு ஆசை விடவில்லை என்றால் வாங்குங்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு நானும் மயங்கியவன்தான். ஆனால் உங்கள் ஹெட்ஃபோனை எடுத்துப்போய் மாட்டிக் கேட்டபிறகு வாங்குங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடென்றால் ஸ்டெபிலைசர் கட்டாயம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் இருந்தபோது, உப்புக் காற்றால் ஒரே வருஷத்தில் ஹெட்ஃபோன் பின்னில் முலாம் தேய்ந்த இடமெல்லாம் பச்சை பூத்து, இடது பக்கம் கரகரத்தது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பின்னை அடிக்கடி துடையுங்கள், பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து ஆம்பைத் துணியால் மூடுவதாக இருந்தால், வால்வு சூடு ஆறியபிறகு மூடுங்கள்.