காலண்டர் தாளில் எழுதிய தொகை

வணக்கம்ங்க ஐயா,

பல்லடத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். நான் பொறியியல் இரண்டாம் வருஷம். ஊரிலேயே உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கவுன்சிலிங்கில் வந்தேன். வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணத்தில் கழிக்கும் முதல் பட்டதாரி சலுகை கிடைத்தது. தம்பி ஆறாவதிலிருந்து நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளி. இப்போது பிளஸ் டூ எழுதியிருக்கிறான். ரிசல்ட் வருவதற்குள் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசிவிட்டார்கள். நாலு தறியை எடைக்குப் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா.

போன வாரம் சாப்பிடும்போது பெரியப்பா சொன்னார்: "அந்தச் சலுகையப் புள்ளைக்குக் குடுத்து வீணாக்கிட்டியே. அவ கட்டிக்குடுத்தா போயிருவா. பையனுக்கு வெச்சிருந்தா ஆயிருக்கும்ல?" அப்பா எதுவும் பேசவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை. நான் நின்றுவிட்டால் சலுகை தம்பிக்கு மாறுமா ஐயா? கல்லூரியில் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அம்மணி,

கடைசிக் கேள்விக்கு முதலில். நிற்காதே. நீ நின்றாலும் தம்பிக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது. அந்தச் சலுகை கவுன்சிலிங்கில் சேருகிறவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேருகிறவன் ஏழு தலைமுறையில் முதல் பட்டதாரியாக இருந்தாலும் அது கிடையாது. ஆக, உன் பெரியப்பா சொன்ன கணக்கு அடியிலேயே தப்பு. உன் அப்பாவுக்கும் இது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் தட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

சலுகை வந்தது 2010இல். பொறியியலுக்கு வருஷம் 25,000 ரூபாய்வரை கழிப்பார்கள். தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு 2017இல் அரசுக் குழு வைத்த கட்டணம் 50,000, தர அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000. பாதிக்கு மேல் வராத அந்தத் தொகைக்குத்தான் வீட்டில் இத்தனை பேச்சு. மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் அப்போது வரம்பு வைத்தார்கள்: 85,000, 87,000.

இப்போது நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று கல்லூரி முத்திரையோடு அச்சடித்தது. டியூஷன், பஸ், தேர்வு, வேலைவாய்ப்புப் பயிற்சி, கோட்டு சூட்டு என்று வரிசையாகப் போகிறது. (கோட்டு சூட்டு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏப்ரலில் ஈரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா?) இன்னொன்று தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு தொகை. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. முன்பக்கம் ராகு காலம் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் தறியைத் தின்னப்போவது இந்தக் காலண்டர் தாள்தான். சீட்டுக்காக நன்கொடை வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் பென்சில். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த பேங்கும் கல்விக்கடன் தராது. முறையான கட்டணமென்றால் ஏழரை லட்சம்வரை சொத்து அடமானம் தேவையில்லை என்று வங்கிகளின் மாதிரித் திட்டமே சொல்கிறது. காலண்டர் தாளுக்கு அதெல்லாம் நடக்காது. அதற்கு நகை, சீட்டுப் பணம், கடைசியில் தறி.

கூலித் தறியின் நிலைமை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு சோமனூர், பல்லடம் பக்கம் தறிகள் வாரக்கணக்கில் நின்றனவே, நீ அப்போது பள்ளியில் இருந்திருப்பாய். மீட்டருக்குச் சில பைசா ஏற்றிக் கேட்டு அத்தனை நாள் காத்திருந்தவர்கள், ஒரு சீட்டுக்கு அரை நாளில் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. பையன் தறிச் சத்தத்துக்குள் வரக்கூடாது என்ற பயம் அது. அந்தப் பயத்தைக் கல்லூரிக்காரர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு, நீ போடாமல் விட்டது. தம்பிக்கு ஏழு வருஷம் பள்ளி, ஹாஸ்டல். உனக்கு அந்த ஏழு வருஷம் என்ன ஆயிருக்கும்? நோட்டும் யூனிபார்மும். உங்கள் வீட்டில் செலவில்லாமல் படித்தவள் நீ. வீணாக்கியதாகப் பேர் வாங்கியவளும் நீ. என் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துத்தான் எனக்கு பீஸ் கட்டினாள். இன்றைக்கும் விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் "உன்ற டிகிரில பாதி என்னுது" என்பாள். நான் மறுத்ததில்லை. உன் தம்பிக்கும் இந்தக் கணக்கு தெரிய வேண்டும். அவனை உட்கார வைத்துச் சொல், சண்டையாக வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது. தம்பி கவுன்சிலிங்குக்குப் பதிந்துவிடட்டும். ஒவ்வொரு வருஷமும் கவுன்சிலிங் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கில் இடம் காலியாகக் கிடக்கிறது. "சீட் தீர்ந்துடும்" என்று தினம் போன் பண்ணுகிறார்களே, அவர்களுக்கும் இது தெரியும். நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீக்கிரம் தீரும், உண்மைதான். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்கள் கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அப்புறம், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024 கடைசியிலிருந்து அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. வாங்குகிறாயா? இல்லையென்றால் நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேள்.

அப்பா தனியாகப் பாவு பிணைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். பெரியப்பா இல்லாத நேரமாக இருக்கட்டும். ரிசல்ட் வந்ததும் தம்பியின் கட்-ஆஃப் எனக்கு எழுது. அதுவரை எடைக்காரனை வாசலுக்குக் கூப்பிட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.