ஞாயிறு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறேன், இரண்டே நாளில் அதே பாவத்தில் விழுகிறேன். இருதயத்தைக் காத்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் காவல் போடும் இடம்தான் தவறாக இருக்கிறது. விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று போராடுகிறோம். அதற்கு முந்தின இரண்டு மணி நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். யாக்கோபு 1:14-15 சொல்லும் வரிசையைப் பாருங்கள்: சுய இச்சையால் இழுக்கப்படுவது, சிக்கிக்கொள்வது, இச்சை கர்ப்பந்தரிப்பது, அதற்குப் பிறகுதான் பாவம் பிறப்பது. தாவீதின் கதையும் (2 சாமுவேல் 11) பத்சேபாளைக் கண்ட இடத்தில் தொடங்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவன் எருசலேமிலேயே இருந்துவிட்டான் என்றுதான் தொடங்குகிறது. பார்த்தான், விசாரித்தான், "உரியாவின் மனைவி" என்று பதிலும் வந்தது. அதன் பிறகும் ஆள் அனுப்பினான். திரும்பிப் போக அத்தனை இடம் இருந்தது.

எண்ணம் வருவது பாவமல்ல. இயேசுவும் சோதிக்கப்பட்டார் (எபிரெயர் 4:15). 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், கெட்ட எண்ணங்கள் வருவது நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்று எழுதினார். இது தெரியாமல், எண்ணம் வந்த உடனே "தோற்றாயிற்று, இனி என்ன" என்று மீதியையும் செய்து முடிப்பவர்கள் நிறைய.

முதலில் 2 வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். சோதனை வந்த நேரம், இடம், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் நடந்தது (சண்டை, களைப்பு, வெறுமை, பாராட்டுகூட), மனம் சொன்ன சாக்கு. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். "இன்றைக்கு மட்டும்", "இவ்வளவு கஷ்டப்பட்டேன், இதுகூடக் கூடாதா", "யாருக்குத் தெரியப்போகிறது"... ஆளுக்கு ஓரிரு வாக்கியம்தான் இருக்கும், அதுவே திரும்பத் திரும்ப வரும்.

அந்த வாக்கியத்துக்கு நேர் பதிலாக ஒரு வசனம் தேர்ந்தெடுங்கள். பத்து வசனம் வேண்டாம். "யாருக்குத் தெரியும்" என்பதற்கு எபிரெயர் 4:13. "எனக்கு உரிமை இருக்கிறது" என்பதற்கு 1 கொரிந்தியர் 6:19-20. "என்னால் முடியாது" என்பதற்கு 1 கொரிந்தியர் 10:13. வனாந்தரத்தில் இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 என்ற இரண்டே அதிகாரங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கே பொருந்தியது. வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்ன கையோடு எழுந்து அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். படுத்துக்கொண்டே ஜெபித்துப் போராடுவது பல நேரம் அந்த எண்ணத்தையே இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவருவதாகத்தான் முடியும்.

எல்லாப் பாவத்துக்கும் ஒரே காவல் உதவாது. வேசித்தனத்துக்கும் பண ஆசைக்கும் வேதம் தரும் கட்டளை விலகி ஓடு என்பது (1 கொரிந்தியர் 6:18, 1 தீமோத்தேயு 6:10-11). எஜமானின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, அதை விட்டுவிட்டு ஓடினான். மனக்கசப்புக்கோ கட்டளை நேர் எதிர்: போய் ஒப்புரவாகு (மத்தேயு 5:23-24). கோபத்தை விட்டு ஓடுவதாக நினைத்து ஆளை விட்டு ஓடினால், உள்ளே அது புளித்துக்கொண்டே இருக்கும்.

போன்தான் வாசல் என்றால், இரவில் அதைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். தடுப்புச் செயலியின் பாஸ்வேர்டு வேறொருவர் கையில் இருக்கட்டும். உங்களிடமே இருந்தால் பலவீனமான நேரத்தில் நீங்களே திறந்துவிடுவீர்கள்.

அந்த வேறொருவர் உங்கள் பாலினத்தவராக, விசுவாசத்தில் முதிர்ந்தவராக, வாய் காப்பவராக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை 15 நிமிடம் பேசினால் போதும். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை முறை, எந்த நாள், அதற்கு முன் என்ன நடந்தது, இப்போது சொன்னதில் எதையாவது மறைத்தீர்களா" என்று கேட்க அவருக்கு அனுமதி கொடுங்கள்.

உபவாசம் நல்லதுதான். ஆனால் தூக்கமும் கெட்டு, சாப்பாடும் இல்லாமல், தனிமையில் இருக்கும் நாளில் உபவாசம் சோதனையைக் கூட்டவும் செய்யும். தீர்க்கதரிசி எலியா சாகிறேன் என்று படுத்தபோது தேவதூதன் கொடுத்தது பிரசங்கமல்ல, சுட்ட அடையும் தண்ணீரும். குடிப்பழக்கம் முற்றியவர்கள் ஜெபத்தோடு மருத்துவரையும் பார்த்தே நிறுத்த வேண்டும். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

விட்ட இடத்தை வெறுமையாக வைக்காதீர்கள். இயேசு சொன்ன உவமையில், வெளியேறிய அசுத்த ஆவி பெருக்கி ஜோடித்த அந்தக் காலி வீட்டுக்குள் வேறு ஏழு ஆவிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது (மத்தேயு 12:43-45). நோட்டில் அடிக்கடி வரும் அந்த நேரத்துக்கு வேறு ஒரு வேலையை நிரந்தரமாக வையுங்கள்.

விழுந்துவிட்டால் அன்றே 1 யோவான் 1:9-ஐ வைத்து அறிக்கையிடுங்கள், அந்த நபருக்கும் அன்றே செய்தி அனுப்புங்கள். "நான்கு நாள் சுத்தமாக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன்" என்று தள்ளிப்போடும் அந்த நான்கு நாளில்தான் அடுத்த வீழ்ச்சி நடக்கிறது.