குடும்ப மருத்துவர்கள் மரபணுப் பரிசோதனை எழுதத் தயங்குவது ஏன்? அவர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். என் அனுபவத்தையும் சக மருத்துவர்கள் பேசிக்கொள்வதையும் வைத்துச் சொல்கிறேன். மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்று நினைப்பவர்கள் எங்களில் குறைவு. ரிசல்ட் வந்த பிறகு அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்வது, யாரிடம் அனுப்புவது என்பதில்தான் தயக்கம். சர்க்கரை, பிரஷருக்கு அடுத்து என்ன செய்வதென்று கை தானாக எழுதும். மரபணு ரிப்போர்ட்டில் 'இந்த மாற்றத்தின் விளைவு உறுதியாகத் தெரியவில்லை' என்று ஒரு வரி இருந்தால் பேனா நின்றுவிடும். மரபியல் நிபுணர்களும் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

பயிற்சி என்றால் லேப் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்ற வகுப்பு எங்களுக்கு வேண்டாம். தினமும் மேஜைக்கு வருகிற தாளிலிருந்து தொடங்கினால் போதும். ஒரு உதாரணம் சொல்கிறேன். கர்ப்பிணி ஒருவருக்கு ஹீமோகுளோபின் 10.4. 'ரத்தம் கம்மி' என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதுவது வழக்கம். அதே தாளில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணுக்கள் 54 லட்சம், அதாவது 5.4 மில்லியன் என்று இருக்கிறது. 64ஐ 5.4ஆல் வகுத்தால் 12க்குக் கீழே வரும். 13க்குக் கீழே வந்தாலே தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் கேரியராக, அதாவது அந்த மரபணு மாற்றத்தைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்தது எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை. அதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு கூடியிருந்தால் கணவருக்கும் உடனே பார்க்க வேண்டும். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மரபணுப் பரிசோதனை தேவைப்படுவது இந்த இடத்தில்தான். பெற்றோரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் 11ஆம் வாரம் முதல் கருவைச் சோதித்துப் பார்க்க முடியும். முதல் விசிட்டிலேயே சந்தேகம் வராவிட்டால் நாள் கடந்துவிடும்.

தமிழ்நாட்டில் இது இன்னும் முக்கியம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நான்கில் ஒரு பங்குக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. அப்படியிருந்தும் 'ரெண்டு பேரும் என்ன உறவு?' என்ற கேள்வி பல ஓ.பி. சீட்டுகளில் இருப்பதே இல்லை. மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போட ஐந்து நிமிடம் ஆகும். அதை எல்லா மருத்துவர்களுக்கும் கையைப் பிடித்துப் பழக்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. மார்பகப் புற்றுநோயில் அம்மா பக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும்.

இன்னொன்று, பேசும் பயிற்சி. 'பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் டாக்டர், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?' என்று அம்மாக்கள் கேட்பார்கள். கேரியராக இருப்பது நோய் இல்லை என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லவும், ரகசியம் காக்கவும், டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அவர்களிடமே விடவும் பழக வேண்டும். இதையெல்லாம் நான் படித்த காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை பரம்பரை நோய்களுக்காக 2019ல் தொடங்கிய உம்மீத் திட்டத்தில் அரசு மருத்துவர்களுக்கு மரபியல் பயிற்சி தருகிறார்கள். நல்ல தொடக்கம். தெருமுனை கிளினிக் வரை அது வர வேண்டும். கூடவே, சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க ஒரு நிபுணர் வேண்டும். என்னைக் கேட்டால் வகுப்பைவிட அந்த போன் நம்பர்தான் அதிகம் உதவும்.

நீங்கள் நோயாளியாக இதைப் படிக்கிறீர்கள் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா பக்கத்தையும் சேர்த்து.