வெடிச்சரக்கு ஏற்றும் லாரிக்காரர்களுக்கு: கேள்வி-பதில்

நாமக்கல்லில் பார்சல் லாரி ஓட்டுகிறேன். சிவகாசியில் ஏற்றிய பெட்டிகளுக்கு ரசீதில் 'காகிதப் பொருட்கள்' என்று போட்டிருந்தார்கள். வழியில் சோதனையில் பிரித்தால் உள்ளே பட்டாசு. தப்பு அனுப்பியவர் மேல்தானே?

முதல் தப்பு அவர் மேல்தான். ஆபத்தான சரக்கின் விவரத்தைச் சரியாகச் சொல்வது அனுப்புபவரின் கடமை என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். ஆனால் அதே விதிகள் உரிமையாளருக்கும் டிரைவருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு வைத்திருக்கின்றன. இந்தச் சரக்கு ஓட்டத் தனிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 190(3) பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி மாட்டினால் 20,000 ரூபாய், மூன்றாண்டு வரை சிறை. வெடிபொருள் சட்டத்தில் வரும் வழக்கு தனி.

சிவகாசியிலிருந்து காலண்டரும் நோட்டும் நிஜமாகவே லோடு லோடாகப் போவதால்தான் இந்தப் பொய் செல்லுபடியாகிறது. எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை வேறு. வண்டி தீப்பிடித்தால், ஓடி வருகிற தீயணைப்பு வீரர் ரசீதை நம்பிக் காகிதம் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நிற்பார். பட்டாசுப் பெட்டி என்றால் தயாரிப்பாளர் பெயரும் வெடிபொருள் என்ற அடையாளமும் வெளியே தெரிய வேண்டும். எதுவும் அச்சிடாத மொட்டைப் பெட்டியாக வந்தால் ஏற்றாதீர்கள். புக்கிங் ஆபீஸ்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கரூர் பக்கம் கல் குவாரி நடத்துகிறோம். பாறை உடைக்கிற வெடிமருந்துத் தோட்டாவில் மிஞ்சினதைச் சாக்கில் கட்டி, அதை வெடிக்க வைக்கிற கேப்பையும் (டெட்டனேட்டர்) அதே பிக்கப்பில் போட்டு அனுப்புகிறோம். பத்து கிலோமீட்டர்தான். பரவாயில்லையா?

தூரம் இதில் கணக்கே இல்லை. இப்போதுள்ள தோட்டா மருந்து லேசில் வெடிக்காது. அதை எழுப்பத்தான் கேப்பு. கேப்போ அடி, உரசல், சூடு எதையும் தாங்காது. இரண்டையும் ஒரே சாக்குக் குவியலில் போட்டால் திரியைத் தவிர மற்ற எல்லாம் தயார். மின்சாரக் கேப்பின் இரண்டு ஒயர் முனைகளையும் கம்பெனியிலேயே ஒன்றாக இணைத்து அனுப்புவது, எங்கிருந்தோ வரும் கசிவு மின்சாரம் அதை வெடிக்க வைக்காமல் இருக்கத்தான். சாக்கில் புரளும்போது அந்த இணைப்பு பிரியும், ஒயரின் உறை உரியும். பக்கத்தில் வாக்கி-டாக்கி இருந்தால் அதுவும் ஆபத்து.

மிஞ்சியதை அதன் சொந்தப் பெட்டியிலேயே மூடி, கேப்பைத் தனியாக, பெசோ (வெடிபொருளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பு) உரிமம் உள்ள வேனில் அனுப்புங்கள். அந்த வேனின் உள்பக்கம் வெறும் இரும்பு தெரியக் கூடாது. சாதா பிக்கப்பை நிறுத்துங்கள், இன்றைக்கே.

ஏற்றும்போது பெட்டி ஓரம் கிழிந்துவிட்டால் டேப் ஒட்டி அனுப்பலாமா? (சங்ககிரி)

கூடாது. அந்தப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தனியே வைத்து அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுங்கள். மருந்து சிந்தியிருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். இரும்புக் கரண்டி, பீடி, செல்போன் எதுவும் கிட்டே வரக் கூடாது. அனுப்பியவரின் ஆள் வந்து சுத்தம் செய்யட்டும்.

திருப்பூர் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த பட்டாசுப் பெட்டியை ஊருக்குப் பஸ்ஸில் கொண்டு போகலாமா?

வேண்டாம். ரயிலிலும் கூடாது; ரயில்வே சட்டம் 164 பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பெட்டியைத் திருப்பூரிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, ஊரில் உரிமம் உள்ள கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.