மொட்டை மாடி டெலஸ்கோப்: கேட்டதும் சொன்னதும்

மழை விட்டு வானம் தெளிந்திருக்கிறது. பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்த டெலஸ்கோப்புகள் மாடி ஏறும் நேரம். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். கருவியும் அதன் பராமரிப்பும் மட்டும்தான் என் பக்கம். விலை, கஸ்டம்ஸ், எந்தக் கடையில் தள்ளுபடி என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான ஃபில்டர் இல்லாமல் எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். இதை இன்னும் பல முறை சொல்வேன், சலித்துக்கொள்ள வேண்டாம்.

வேலூர்: அக்கா, ஏழாவது படிக்கும் மகளுக்கு முதல் டெலஸ்கோப் வாங்க வேண்டும். 60 மி.மீ. லென்ஸ், 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்துக்கு எல்லை. 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேல் போனால் மங்கலான பெரிய உருண்டைதான் தெரியும். பெட்டியில் மடங்கைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஸ்டாண்ட் ஆடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே டியூபின் நுனியை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் ஆட்டம் அடங்கவில்லை என்றால் குழந்தைக்கு ஒரே வாரத்தில் வெறுத்துவிடும்.

பட்ஜெட் சின்னது என்றால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் வாங்குங்கள். கொஞ்சம் கூட முடியும் என்றால் மேஜை மேல் வைக்கும் 130 மி.மீ. டாப்சோனியன், அதாவது மேல் கீழ், இடம் வலம் என்று கையால் நகர்த்தும் எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப். 114 மி.மீ. கண்ணாடி, 1000 மி.மீ. குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையுள்ள தூரம்) என்று எழுதியிருந்து, டியூப் மட்டும் அரை மீட்டர்தான் இருக்கிறதா? ஃபோகஸருக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைச் செருகும் குழாய்க்குள், ஒரு மலிவான லென்ஸைச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் தொடவே வேண்டாம்.

தருமபுரி: எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. கருவி பழுதா?

இல்லை, அது அப்படித்தான் காட்டும். வானத்தில் மேல் ஏது, கீழ் ஏது?

மதுரை: புது ரிஃப்ளெக்டர் (லென்ஸுக்குப் பதில் கண்ணாடி வைத்த டெலஸ்கோப்). நட்சத்திரத்தைப் பார்த்தால் பெரிய வட்டமும் நடுவில் கறுப்புப் பொட்டும் தெரிகிறது. கண்ணாடியில் ஓட்டையா மேடம்?

நீங்கள் பார்ப்பது ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம். அந்தக் கறுப்புப் பொட்டு உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். ஃபோகஸர் குமிழை மெதுவாகத் திருப்புங்கள், வட்டம் சுருங்கிப் புள்ளியாகிவிடும்.

ஆனால் தெரியாமலேயே ஒரு நல்ல சோதனையைத் தொடங்கிவிட்டீர்கள். உயரத்தில் இருக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்வையின் நட்டநடுவில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். கறுப்புப் பொட்டு நடுவில் இருந்தால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளின் நேர்வரிசை, போய்விட்டது. டியூபின் அடியில் இருக்கும் மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள், நட்சத்திரம் ஓரத்துக்கு ஓடும். டியூபை நகர்த்தி மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பொட்டைப் பாருங்கள். நடுவுக்கு நெருங்கியிருந்தால் அதே பக்கம் தொடருங்கள், விலகியிருந்தால் எதிர்ப்பக்கம். பொறுமையாகச் செய்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடியும். லேசர் கொலிமேட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்பார்கள். மலிவு லேசர்களில் அந்த லேசரே கோணலாக இருக்கும். ஃபோகஸரில் செருகி அப்படியே சுழற்றுங்கள். சிவப்புப் புள்ளி கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால் அந்த லேசரை நம்பாதீர்கள்.

நாகப்பட்டினம்: கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் வீடு. டார்ச் அடித்துப் பார்த்தால் மெயின் கண்ணாடி முழுக்கத் தூசி, ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். கண் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைக்கலாமா?

துடைக்கவே கூடாது. டார்ச் அடித்தால் எந்தக் கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும், அதனால் முதலில் டார்ச்சை அணையுங்கள். தூசியால் நீங்கள் இழக்கும் வெளிச்சம் சொற்பம். துடைப்பதால் விழும் கீறல் நிரந்தரம். அந்தக் கண்ணாடியின் முகத்தில் இருக்கும் அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன் மேல் மணல் துகளை வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும்?

உங்கள் ஊரில் கவலைப்பட வேண்டியது உப்பு. வெள்ளைப் புள்ளிகள் உப்புக் காற்றால் வந்தவையாக இருக்கலாம், அதை விட்டுவைத்தால் பூச்சை அரிக்கும். அதனால் உங்களுக்கு மட்டும் கழுவச் சொல்கிறேன். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கண்ணாடியை அதன் தட்டிலிருந்து எடுக்கும் முன், எந்தப் பக்கம் எந்தத் திருகு என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை விரித்து, கண்ணாடியை முகம் மேலாக வைத்து, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிடுங்கள். பாதித் தூசி அதிலேயே போய்விடும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சை நனைத்து, விரலால் அழுத்தாமல், பஞ்சின் சொந்த எடையிலேயே ஒரு இழுப்பு. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, சுவரில் சாய்த்துக் காயவையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும் சொட்டுகளை டிஷ்யூ முனையால் ஒற்றி எடுங்கள்.

அலுமினியம் எப்படியும் நிரந்தரமில்லை. காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடிக்கே அவ்வப்போது பழைய பூச்சை எடுத்துவிட்டு, வெற்றிட அறையில் வைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள்.

சென்னை, வேளச்சேரி: டெலஸ்கோப்பைத் தூசி படாமல் ஏசி அறையில் வைத்திருக்கிறேன். மாடிக்குக் கொண்டுபோனதும் லென்ஸ் பனி மூடியது போல ஆகிவிடுகிறது.

குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தால் வியர்க்கிறதே, அதேதான். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், ஜில்லென்ற கண்ணாடியைக் கண்டால் உடனே படிந்துவிடும். துடைக்காதீர்கள். மூடியைப் போட்டபடியே ஏசி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் மாடிக்குக் கொண்டுபோங்கள். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு பையில் திணித்தால் ஃபங்கஸ் வரும். காயவிட்டு, மூடி போட்டு, சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் ஐபீஸ்களை வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் கலந்தது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

இன்னொன்று. வெயில் குடித்த மாடித் தளம் இரவிலும் நெடுநேரம் அனல் கக்கும். ஏழு மணிக்கு வியாழன் கொதிக்கும் தண்ணீருக்கடியில் கிடப்பது போலத் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பத்து மணிக்கு மேல் பாருங்கள்.

கும்பகோணம்: ராகு, கேதுவை எந்த டெலஸ்கோப்பில் பார்க்கலாம்?

எதிலும் முடியாது. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள் அவை. அங்கே பார்க்க ஒரு பொருளும் இல்லை.

சேலம்: அப்பா வாங்கிய பழைய 60 மி.மீ. டெலஸ்கோப் பரணில் கிடைத்தது. கடையில் வாங்கிய ஐபீஸ் நுழையவில்லை. கூடவே "சன்" என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்றும் இருக்கிறது.

கறுப்புக் கண்ணாடியை முதலில் சொல்கிறேன். இன்றே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். அது ஐபீஸில் திருகும் ஃபில்டர். லென்ஸ் குவித்த சூரிய வெப்பம் முழுக்க அந்தச் சின்ன வில்லையின் மேல் விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் கண் போய்விடும். சூரிய ஃபில்டர் எப்போதும் டியூபின் முன்வாயில்தான் இருக்க வேண்டும், காற்றுக்குக் கழன்று விழாதபடி டேப் போட்டு. டியூபின் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன டெலஸ்கோப்பான ஃபைண்டருக்கும் மூடி போட்டாக வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஐபீஸ் நுழையாததற்குக் காரணம், பழைய கருவிகளின் ஐபீஸ் 0.965 அங்குலம், இப்போதையது 1.25 அங்குலம். அடாப்டர் கிடைக்கும். அப்பாவின் லென்ஸ் நன்றாகவே இருக்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சென்னை, முகப்பேர்: ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஸ்டாண்ட்) வாங்கிவிட்டேன். துருவ நட்சத்திரத்தை நோக்கி வை என்கிறது புத்தகம். வடக்கே பக்கத்து அபார்ட்மென்ட் நிற்கிறது. காசு வீணா?

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஊரில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். நமக்கு அட்சரேகை 13, அதனால் அடிவானத்திலிருந்து 13 பாகைதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். அது தெரியாமலே சமாளிக்கலாம்.

மாடியில் ஒரு வடக்கு–தெற்குக் கோடு போடுங்கள். ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, நிழலின் நுனி காலையில் வட்டத்தைத் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் குறியுங்கள். அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளியைக் குச்சியின் அடியோடு சேர்த்தால் கோடு கிடைத்துவிடும். பெயின்டால் போட்டுவிட்டால் நிரந்தரம். செல்போன் திசைகாட்டி வேண்டாம். தளத்துக்குள் கம்பி, கையருகே இரும்பு எடைக்கல், அது எங்கேயோ காட்டும். மவுண்டின் சாய்வை 13 பாகையில் வையுங்கள். போட்டோ எடுக்காமல் ஐபீஸ் வழியே பார்ப்பதற்கு இவ்வளவே போதும்.

போட்டோ எடுப்பவர்கள் மேலும் துல்லியமாக்க ஓரியன் பெல்ட்டில் இருக்கும் மின்டாகா என்ற நட்சத்திரத்தைப் பிடிக்கலாம், அது வான நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. உச்சி கடக்கும் நேரத்தில் அதை ஐபீஸின் நடுவில் வைத்துக் கவனியுங்கள். நட்சத்திரம் தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே.

இரண்டு எச்சரிக்கைகள். சாய்வு இவ்வளவு குறைவாக இருக்கும்போது எடைக்கல் தண்டு ஸ்டாண்டின் காலில் இடிக்கக்கூடும். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் மோட்டாரை ஓட்டாதீர்கள். சாய்வுத் திருகைத் திருப்பும்போது டியூபின் பாரத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருகு வளையும்.

திருச்சி: இவ்வளவு கூத்து எதற்கு மேடம்? விற்றுவிட்டு டாப்சோனியன் வாங்கச் சொல்லுங்கள்.

நானும் டாப்சோனியன் ஆள்தான். ஆனால் அவர் வாங்கிவிட்டாரே.

கோவை: டாப்காரர்களுக்கு ஈக்வடோரியலை மட்டம் தட்டுவதே வேலை. நம் ஊரில் வியாழனும் சனியும் பல வருடங்களில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலேயே போகும். டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்பிவிட்டு இடம் வலம் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது நியாயமான பேச்சு. உச்சியில் டாப்சோனியன் திணறும். ஈக்வடோரியலுக்கும் அப்படி ஒரு திணறல் இடம் உண்டு, ஆனால் அது துருவத்தை ஒட்டிய பகுதி. நமக்கு அது அடிவானத்தில் புகைக்குள் கிடக்கிறது, யாரும் அங்கே பார்ப்பதில்லை.

திருச்சி: பத்து நிமிடம் காத்திருந்தால் கிரகம் உச்சியைத் தாண்டிவிடும்.

கணக்குப் போடுங்கள். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உச்சிக்கு இப்பக்கம் 5, அப்பக்கம் 5 என்றாலே 40 நிமிடம். கிரகம் மிகத் தெளிவாகத் தெரியும் 40 நிமிடமும் அதுதான்.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்களுக்குத் துருவ நட்சத்திரம் 10 பாகைகூட இல்லை. வடக்கே பனைமரம் வேறு. நிழல் கோடுதான் நானும் போட்டிருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஏப்ரலில் மத்தியானம் நிழலே இல்லாமல் போகிறதே?

அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கே வந்துவிடும். மத்தியான நிழலைப் பார்த்தால்தான் தொல்லை. காலை, மாலைக் குறிகளுக்கு ஒரு பாதகமும் இல்லை. வடக்கு தாழ்ந்ததை நினைத்து வருந்தவும் வேண்டாம். ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு எழும்பாத ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, ஏப்ரல், மே இரவுகளில் உங்களுக்கு 30 பாகைக்கு மேல் நிற்கும். அதைப் பாருங்கள்.

கோவை: ஆக, ஈக்வடோரியல்தான் நம் ஊருக்கு என்று சொல்லிவிட்டீர்கள்.

சொல்லவில்லை. படம் எடுப்பவர்களுக்கும், ஒரே கிரகத்தை மணிக்கணக்கில் பார்த்து வரைபவர்களுக்கும் அது சரி. மற்றவர்களுக்கு, தனி ஆளாகத் தூக்கி மாடிப்படி ஏற முடிகிற கருவிதான் சரி. திருச்சியும் கோவையும் இதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஈரோடு: எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

வேலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருநெல்வேலி: 130 மி.மீ. கண்ணாடி, 650 மி.மீ. குவியத்தூரம். 4 மி.மீ. ஐபீஸில் 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டும் சனி வளையம் தெளியவில்லை.

650-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குங்கள்: 487. உங்கள் எல்லை 260. பார்லோவை எடுத்துவிடுங்கள், 162 கிடைக்கும். போதும். போதாதற்கு, 2025 மார்ச்சில் வளையம் பக்கவாட்டில் திரும்பி ஏறக்குறைய ஒரு கோடாகிப்போனது. மெல்லத்தான் விரியும், அதற்குக் கருவி பொறுப்பில்லை.

ஓசூர்: கண்ணாடியைக் கிளாஸ் கிளீனர் அடித்துத் துடைக்கலாமா?

நாகப்பட்டினத்துக்கு என்ன சொன்னேன்? துடைக்காதீர்கள்.

கரூர்: முதல் டெலஸ்கோப் எது நல்லது மேடம்?

வேலூர்.

பழனி: ஃபைண்டர் ஒரு இடம் காட்டுகிறது, டெலஸ்கோப் வேறு இடம் காட்டுகிறது.

பகலில் தூரத்து செல்போன் டவரின் உச்சியை டெலஸ்கோப்பின் நடுவில் பிடித்து, அதே உச்சி வரும்படி ஃபைண்டரின் திருகுகளைச் சரிசெய்யுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்து டவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தேனி: 2031 மே 21-ல் எங்கள் பக்கம் வளையச் சூரிய கிரகணம் வருகிறதாமே? 2019 டிசம்பரில் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அதையே இரண்டாக மடித்து டெலஸ்கோப்பில் ஒட்டலாமா?

கூடாது. மடித்தாலும் கூடாது, நான்காக மடித்தாலும் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்பை உள்ளே விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்துபோனது பிறகுதான் தெரியும். இதற்கென்றே தயாரித்த சோலார் ஃபிலிம் ஏ4 தாள் அளவில் கிடைக்கிறது. வாங்கி, அட்டையில் சட்டம் செய்து முன்வாயில் மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மாட்டும் முன் விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ஃபிலிம்.